நான்கு பொட்டு இரத்தமும் ஒரு சஹர் நேரமும்

1

2025 மார்ச் 12, புதன்கிழமை. காலை நான்கு மணிக்கு எழுந்தேன். மழை. நோர்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் இந்த நகரத்தில் மழையைப் பற்றி எழுதுவது மை விரயம் என்பதால், நாட்குறிப்பில் 'ம' என்று ஓர் எழுத்து மட்டும் போடுவது என் வழக்கம். விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு நேற்றைய சோற்றைச் சூடாக்கிப் பருப்பும் பொரித்த முட்டையும் வைத்தேன். மகள் நுஹா பாதிக் கண்ணைத் திறந்துகொண்டு வந்து, பாலில் ஓட்ஸ் கலந்து சாப்பிட்டாள். நான் தமிழில் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் சேர்த்து நோர்வே மொழியில் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தாள். அவளுக்கு இருபது வயது. நோன்பைத் தவறவிடமாட்டாள். தமிழைத்தான் ஒவ்வொரு சொல்லாகத் தவறவிட்டுக்கொண்டிருக்கிறாள். கணவர் முதல் பஸ்ஸை ஓட்டுபவர். அவர் ஏற்கெனவே கிளம்பியிருந்தார்.

கடைசியாக இரண்டு கோப்பை தண்ணீர், அதோடு என் பிரஷர் குளிசை, இரத்த அழுத்தத்துக்குப் போடும் மாத்திரை. மற்ற மாதங்களில் அதைக் காலைக் கோப்பிக்குப் பிறகு போடுவேன். நோன்பு மாதத்தில் கோப்பி இல்லை, ஆகவே சஹரோடு. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானும் எந்த வைத்தியரிடமும் கேட்டதில்லை. என் ஊரான ஓட்டமாவடியில் எங்கள் தெருவில் குளிசை போடும் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்: காலைக் குளிசை சஹருக்கு நகரும், இரவுக் குளிசை, மாலையில் நோன்பை முடித்துத் துறக்கும் நேரத்துக்கு நகரும்.

ஏழே முக்காலுக்கு வேலையில் இருந்தேன்.

2

ஊரில் இருந்து தொலைபேசியில் கோல் எடுக்கிறவர்கள் கேட்பார்கள், "அங்க என்ன வேல செய்றீங்க?" 'லாப்பில்' என்றால் சர்க்கரை பார்க்கிறேன் என்று நினைப்பார்கள். என் வேலை வேறு. புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர்களின் உடம்பில் அந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது. இரத்தத்தில் அளப்போம், சிலருக்குச் சிறுநீரில், சில பிள்ளைகளுக்கு முதுகுத்தண்டு நீரில்.

ஒரே குளிசையை ஒரே அளவில் இரண்டு பேர் விழுங்கினாலும், ஒருவரின் இரத்தத்தில் மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு மருந்து நிற்கலாம். குறைந்தால் நோய் தலை தூக்கும். கூடினால் மருந்தே உடம்பைத் தின்னும். இடையில் இருக்கும் ஒடுங்கிய பாதையில் நோயாளி நடக்கிறாரா என்று எட்டிப் பார்ப்பது எங்கள் பங்கு.

எங்கள் இயந்திரம் திரவத்தை மெல்லிய குழாய்க்குள் அழுத்தித் தள்ளும். கலந்து கிடந்த பொருள்கள் வழியில் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிந்து, வேறு வேறு நேரத்தில் வெளியே வரும். வந்ததை வந்தபடியே எடை பார்த்து, திரையில் குன்று குன்றாக வரையும். குன்றின் உயரம்தான் மருந்தின் அளவு. ஒரு குடத்துத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு என்றால் நமக்கு விளங்கும். இது வாவி முழுவதிலும் ஒரு பிடி உப்பைத் தேடிப் பிடிப்பது மாதிரி. இத்தனை வருடம் செய்த பிறகும், குன்று எழும்பும் கணத்தில் நான் மூச்சை நிறுத்துகிறேன். சில பிள்ளைகளுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைப் பெரிய அளவில் ஏற்றிவிட்டு, அது இறங்கும்வரை மாற்று மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இன்று காலையும் பிள்ளைகள் வார்டில் இருந்து முதல் அழைப்பு அதற்குத்தான். எண் இறங்கியிருந்தது. மறுமுனையில் தாதி யாரையோ பார்த்து "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்வது கேட்டது.

இப்படிப் பிரித்துப் பார்க்கும் வித்தையை முதலில் எனக்குக் காட்டியவர் என் அண்ணன், அதாவது எங்கள் பேச்சில் காக்கா. எங்கள் தகப்பனார், வாப்பா, வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வேலை செய்தவர். வைக்கோலில் செய்த அந்தக் கடதாசியின் வெட்டுத் துண்டுகள் வீட்டில் எப்போதும் கிடக்கும். ஒருநாள் காக்கா கறுப்பு மையில் ஒரு பொட்டு வைத்து, துண்டின் நுனியைத் தண்ணீரில் நிறுத்தி, "இது கறுப்பு இல்ல, பந்தயம் புடிக்கிறியா?" என்றார். பிடித்தேன். தண்ணீர் ஏற ஏற, கறுப்பு நீலமாகவும் ஊதாவாகவும் கொஞ்சம் மஞ்சளாகவும் பிரிந்து போனது. பந்தயத்தில் தோற்று ஒரு வாரம் அவருடைய சைக்கிளைக் கழுவினேன்.

3

அதே காக்காவுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு இரத்தப் புற்றுநோய் என்றார்கள். மெதுவாக வளரும் வகை. இமாட்டினிப் என்ற குளிசையைத் தினமும் ஒன்று போட்டால் அடங்கி இருக்கும். அவருக்கும் அடங்கியது. வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வலை, கயிறு, மிதப்பு விற்கும் கடை அவருடையது. அதைத் திரும்பத் திறந்தார்.

அவரைப் பார்க்கும் கிளினிக் வைத்தியர் எங்கள் பிரிவுத் தலைவருக்கு மின்னஞ்சல் எழுதி, மருந்தின் அளவை இங்கே பார்க்க ஒழுங்கு செய்தார். விரலில் குத்தி, தடித்த ஓர் அட்டையில் நான்கு வட்டங்களுக்குள் நான்கு பொட்டு இரத்தம் வைத்து, காய வைத்து, உறையில் அனுப்பினால் போதும். காலையில் குளிசை போட முன்பு இரத்தம் எடுக்க வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. முந்தைய நாள் போட்ட குளிசை இருபத்துநான்கு மணித்தியாலம் உடம்பில் ஓடி முடிந்து, அளவு ஆகக் கீழே இருக்கும் நேரம் அது. அந்த அடிமட்டத்தை வைத்துத்தான் மருந்து போதுமா, கூடவா என்று முடிவு செய்வார்கள்.

முதல் அட்டை நவம்பரில் வந்தது. சுங்கத்தில் நிறுத்தி என்னை அழைத்தார்கள். உறைக்குள் விலங்கிலிருந்து பெறப்பட்ட உணவு ஏதும் உண்டா என்று கேட்டார் அதிகாரி. மனிதரிலிருந்து பெறப்பட்டது, உணவு அல்ல, என்றேன். அதற்குரிய கட்டத்தைப் படிவத்தில் தேடினார். பிறகு விட்டுவிட்டார். போன வருடம் மச்சி, அதாவது காக்காவின் மனைவி, அனுப்பிய கருவாட்டுப் பொதியை இதே அலுவலகம் எரித்தது. கருவாட்டுக்குக் கிடைக்காத அனுமதி காக்காவின் இரத்தத்துக்குக் கிடைத்தது.

சொந்தக்காரரின் மாதிரியை நான் தொடக் கூடாது என்பது இங்கே விதி. நானே எழுதிக் கொடுத்து விலகினேன். என் பக்கத்து மேசையில் இருக்கும் சில்யே அளந்தார். நவம்பர் எண் நல்ல இடத்தில் இருந்தது.

இரண்டாவது அட்டை நேற்று வந்தது. கூடவே வைத்தியரின் குறிப்பு: கண் இமை வீக்கம் கூடியிருக்கிறது, கால் தசை இழுக்கிறது, அளவு கூடியிருந்தால் மருந்தைக் குறைக்க யோசிக்கிறேன்.

இன்று மதியம் சில்யே என்னைக் கூப்பிட்டார். "உன் அண்ணனுடையது. இரண்டு மடங்கு."

4

திரையில் இரண்டு குன்றுகள் இருந்தன. ஒன்று மருந்து. மற்றது, மருந்தை உடம்பு உடைக்கும்போது உண்டாகும் பொருள். நான் மனதுக்குள் அவற்றைத் தாய், பிள்ளை என்பேன்.

"பழமாக இருக்கலாம்," என்றார் சில்யே. கிரேப்ஃபுரூட் வகைப் பழங்கள் இந்த மருந்தை உடம்பு உடைப்பதைத் தடுக்கும். மருந்து தேங்கி அளவு ஏறும். ஊரில் அதற்கு நெருங்கிய உறவு ஜம்போலா, அதாவது பம்பளிமாசு.

ஆனால் மருந்து உடைபடாமல் தேங்கினால் பிள்ளைக் குன்று சரிந்திருக்க வேண்டும். அது சரியவில்லை. நவம்பரில் இருந்த உயரத்திலேயே ஏறக்குறைய இருந்தது. தாய் மட்டும் இரண்டு மடங்கு. அப்படியென்றால் இந்த மருந்து உடம்பில் தேங்கிக் கிடந்தது அல்ல. இப்போதுதான் வந்து இறங்கியது. உடைபட இன்னும் நேரமே கிடைக்காதது.

"எப்போது எடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்டேன்.

சில்யே அட்டையின் மூலையைப் படித்தார். "மார்ச் நான்கு, காலை எட்டரை. கடைசிக் குளிசை: முந்தைய நாள் காலை ஒன்பது."

மார்ச் நான்கு. ஊரில் மூன்றாம் நோன்பு. அந்தக் கணத்தில் என் நாக்கில் இன்று காலை விழுங்கிய பிரஷர் குளிசையின் கசப்பு திரும்ப வந்தது.

சில்யேவுக்கு விளங்கப்படுத்தினேன். ஒரு மாதம் முழுக்க விடிய முன் சாப்பிடுவோம், காலைக் குளிசையும் அதோடு போய்விடும், அவர் அன்று நாலரைக்கே போட்டிருப்பார். நாலரையில் இருந்து எட்டரைக்கு நான்கு மணித்தியாலம். இந்த மருந்து இரத்தத்தில் உச்சத்தில் நிற்கும் நேரம் அதுதான். அடிமட்டம் என்று நினைத்து உச்சியை அளந்திருக்கிறோம்.

சில்யே திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியானால் இந்த எண்ணை நம்பி மருந்தைக் குறைத்தால்?"

குறைத்தால் உண்மையான அடிமட்டம் பாதைக்குக் கீழே போய்விடும். அடங்கிக் கிடக்கும் நோய்க்குக் கதவு திறந்த மாதிரி. அதை அவரும் அறிவார்; நானும் அறிவேன்.

தலைவரிடம் போனோம். என் ஊகத்தை அறிக்கையில் எழுத முடியாது என்றார் அவர். அது சரி. நாளைக் காலைவரை அறிக்கையை நிறுத்தி வைக்கலாம்; அதற்குள் குளிசை போட்ட நேரத்தை நோயாளியே தன் வைத்தியரிடம் திருத்திச் சொல்ல வேண்டும். "நீ அவரிடம் கேள்வி கேட்கலாம். எண்ணைச் சொல்லக் கூடாது," என்றும் சொன்னார்.

5

இங்கே இரண்டேகால், அங்கே ஆறே முக்கால். நோன்பு துறந்து, மாலைத் தொழுகையான மஃரிபும் தொழுது முடித்திருப்பார்கள். மழைக்கு ஒதுங்கி, சைக்கிள்கள் நிறுத்தும் கூரைக்குக் கீழே நின்று அழைத்தேன். மச்சி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஆ, நோர்வேக்காரி!" காக்காவின் குரல். "நோன்பு துறந்தாச்சா?"

"இஞ்ச இன்னும் நாலு மணித்தியாலம் இரிக்கி. நீங்க துறந்தாச்சா காக்கா?"

"எனக்கெங்க புள்ள நோன்பு? இவங்க துறக்கக்குள்ள நானும் கஞ்சி குடிக்கிறன், அவ்வளவுதான்."

மச்சி பின்னால் இருமினார். சளி இருமல் இல்லை.

"ஜம்போலா ஏதும் சாப்பிட்டீங்களா?"

"ஜம்போலாவா? இதக் கேக்கத்தான் அங்க இருந்து கோல் எடுத்தியா?"

"இந்த ஊட்டுக்குள்ள ஜம்போலா வந்து ரெண்டு வருஷம்," என்றார் மச்சி. "டொக்டர் கூடாது எண்ட அண்டைக்கே முத்தத்து மரத்த வெட்டிப்போட்டன்."

"காய்க்கிற மரத்த," என்றார் காக்கா.

"சரி காக்கா. அட்டைக்கு ரத்தம் குடுத்த அண்டைக்குக் குளிசை எத்தின மணிக்குப் போட்டீங்க?"

ஒரு மோட்டார் சைக்கிள் அவர்கள் வீட்டைக் கடந்து போவது கேட்டது.

"சொல்லுங்க," என்றார் மச்சி. "இல்லாட்டி நான் சொல்லுவன்."

"நீ சும்மா இரி."

"சஹருக்குப் போட்ட புள்ள. நாலரைக்கு, சோத்தோட. மொத நோன்புலரிந்து அப்படித்தான்," என்றார் மச்சி.

காக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல் தாழ்ந்தது. "ஒனக்கு ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நீங்க அனுப்பின அட்டைதான்."

"நோன்பு எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில உள்ளது. ஊட்டுக்குள்ள இவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒன்ட மெஷினுக்கு எப்படி விளங்கின?"

நோன்பு விளங்கவில்லை, நேரம்தான் விளங்கியது என்று சொல்லலாம். ஆனால் எனக்கும் அவருடைய வியப்பே இருந்தது. யாருக்கும் காட்டாமல் ஒரு மனிதர் இருட்டில் எழும்பிச் சோறு தின்று ஒரு குளிசை விழுங்குகிறார். அது எட்டு நாள் கழித்து, கடல்கள் தாண்டி, காய்ந்த ஒரு பொட்டில் இருந்து எழுந்து நிற்கிறது.

"நர்ஸ் கேக்கல்லியா?"

"கேட்டா. காலக் குளிசை போடல்லதானே எண்டு. நான் தலையாட்டின. போட்ட எண்டு சொன்னா ஏன் எண்டு கேப்பா. சஹர் எண்டா டொக்டரிட்டப் போகும். டொக்டர் நோன்ப வுடச் சொல்லுவா."

"விரல்ல குத்தினா நோன்பு முறியும் எண்டு பயப்படல்லியா?"

"அத மட்டும் மௌலவியிட்டக் கேட்டவர்," என்றார் மச்சி. "முறியாதாம். மறுகா அவர், சுகமில்லாத ஆளுக்கு நோன்பு கடமையில்ல, டொக்டரிட்டயும் கேளுங்க எண்டு சொன்னாராம். அண்டைலரிந்து அந்தப் பள்ளிக்குப் போறல்ல. இப்ப மத்தப் பள்ளியிலதான் தொழுற."

நான் சிரித்துவிட்டேன். காக்கா சிரிக்கவில்லை.

"போன வருஷம் நோன்புல நான் பாயில கிடந்த," என்றார். "பாங்கு சொல்லி எல்லாரும் துறக்கக்குள்ள, பார்க்க வந்த ஆக்கள் என்ட முகத்தப் பார்க்கிற பார்வை இரிக்கே. அடுத்த நோன்புக்கு இந்த ஆள் இரிப்பாரா எண்டு. இந்த வருஷம் சஹருக்கு எழும்பின அண்டைக்குத்தான் நான் இரிக்கிறன் எண்டு எனக்கே நம்பிக்கை வந்த."

மழை கூரையில் இருந்து சைக்கிள்களின் மேல் வழிந்துகொண்டிருந்தது.

"காக்கா, டொக்டர் இந்த அட்டைய வெச்சுத்தான் மருந்தக் குறைக்கப் பார்க்கிறா."

"குறைச்சா நல்லந்தானே. கால் இழுக்கிற குறையும்."

"கால் இழுக்கிற மருந்தாலயா, நாள் முழுக்கத் தண்ணி குடியாததாலயா எண்டு இப்ப ஒருத்தருக்கும் தெரியா. அட்டையில பிழையான நேரம் இரிக்கி. அத நம்பிக் குறைச்சு, அந்த நோய் திரும்பி வந்தா?"

"எண் எவ்வளவு?"

"சொல்ல ஏலா."

"அப்ப நீ என்ன தங்கச்சி?"

"அளக்கிற தங்கச்சி. நேரத்த நீங்கதான் டொக்டரிட்டச் சொல்லணும். நான் சொன்னா எடுபடாது."

"ஏசுவா."

"ஏசட்டும்."

"நோன்பு போயிரும்."

போகாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. "தராவீஹ் தொழுகைக்கு நேரமாகுது," என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். சொல்வேன் என்றும் சொல்லவில்லை, சொல்லமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

6

வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தேன். வருடத்தில் இரண்டு தடவை, இந்த மாதிரிச் சில நாட்களில் மட்டும் இங்கேயும் ஊரிலும் பகல் ஏறக்குறைய ஒரே நீளம். கோடையில் நோன்பு வந்தால் இங்கே சூரியன் அடங்க மறுக்கும். மார்கழியில் வந்தால் நாலு மணிக்கு முன்பே துறந்துவிடுவோம். இந்த வருடம் காக்காவும் நானும் ஒரே அளவு பசித்திருக்கிறோம். பிறை ஊர் ஊராகப் போய் ஆட்களை எழுப்புகிறது. எழும்பியவர் விழுங்கும் குளிசையும் அதோடு நகர்கிறது. இரத்தத்தில் குன்றும் நகர்கிறது. இத்தனை காலம் இந்த இயந்திரத்தோடு இருந்தும், அதன் கோடு பிறைக்கும் அசையும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆறே காலுக்குத் தொலைபேசி அடித்தது. அங்கே பத்தே முக்கால். என் கையில் ரொட்டி மாவு இருந்ததால் நுஹா எடுத்தாள்.

"மாமா, நோன்ப உடைச்சாச்சா?" என்று கேட்டாள்.

"உடைச்சு, திரும்ப ஒட்டியும் வெச்சாச்சு மகள். உம்மாட்டக் குடு."

தோளுக்கும் காதுக்கும் நடுவில் தொலைபேசியை வைத்தேன். "சொன்னீங்களா?"

"சொன்னன்."

"ஏசினாவா?"

"பத்து நிமிஷம். மறுகா சஹருக்கு எத்தின கிளாஸ் தண்ணி குடிக்கிற எண்டு கேட்டா. ஒண்டு எண்டன். திரும்ப மொதல்லரிந்து ஏசினா."

அந்த அட்டையைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று வைத்தியர் எங்கள் தலைவருக்கு எழுதிவிட்டாராம். புதிய எண் வரும்வரை மருந்தைக் குறைப்பதில்லை. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஓர் அட்டை கூடுதலாகக் கொடுப்பார்கள், பிழைத்தால் திரும்ப வைக்க. அது வீட்டு அலுமாரியில் இருந்தது. நாளை சஹர் நேரத்தில், குளிசை போட முன்பு, வீட்டிலேயே விரலில் குத்திப் பொட்டு வைக்க வேண்டும். இன்று நாலரைக்குப் போட்ட குளிசைக்கு அப்போது சரியாக இருபத்துநான்கு மணித்தியாலம்.

"ஆரு குத்துற?"

"இவள்தான். கலியாணம் முடிச்ச நாளிலரிந்து காத்திட்டு இரிந்த மாதிரி ஊசியக் கழுவிக்கிட்டு இரிக்கிறாள்."

"கழுவத் தேவையில்ல, அது புதுசு," என்றேன். பிறகு கேட்டேன். "நோன்பு?"

"எண் வாற வரைக்கும் வேணாமாம். வந்தாப் பார்த்துச் சொல்றாவாம்." குவளையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. "சஹருக்கு எழும்புவன். குளிசை இரிக்கித்தானே."

நுஹா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைபேசியை வைத்த பிறகு, "மாமா அழுகிறாரா?" என்று தமிழிலேயே கேட்டாள். இல்லை, எழும்புகிறார், என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த நேரம் இருக்கவில்லை. நோன்பு துறக்க ஐந்து நிமிடமே இருந்தது.

7

மார்ச் 13, வியாழக்கிழமை. நான்கு மணிக்கு எழுந்தேன். ம.

தொலைபேசியில் மச்சி அனுப்பிய படம் காத்திருந்தது. மேசை விரிப்பின் மேல் அட்டை. மூலையில் காக்காவின் சாய்ந்த எழுத்து: குளிசை, நேற்று 4.30. இரத்தம், இன்று 4.25. அடியில், கேட்காமலே ஒரு வரி: நோன்பு இல்லை.

படத்தைப் பெரிதாக்கினேன். நான்கு பொட்டுகளும் வட்டங்களை நிரப்பி இருக்கின்றனவா, ஒன்றை ஒன்று தொடாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நிரப்பி இருந்தன. தொடவில்லை. அதன் பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.